ஜவகல் விவசாயியின் விமானங்கள்

கொரூர் ராமசாமி கோபிநாத் 1951 நவம்பர் 13 அன்று கர்நாடகத்தின் மேல்கோட்டையில் ஓர் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். ராமானுஜர் சோழநாட்டைவிட்டு வந்து பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் அது. தமிழ் வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். இந்தியாவில் மலிவுக் கட்டண விமானப் பயணத்தைத் தொடங்கிவைத்த ‘ஏர் டெக்கான்’ நிறுவனத்தின் நிறுவனர் என்றே நாடு இவரை அறியும். ‘சூரரைப் போற்று’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் விமானத் தொழிலுக்கு வருவதற்குமுன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இவர் ஹாசன் மாவட்டத்தின் மேட்டுநிலத்தில் தென்னையும் பட்டுப்புழுவும் வளர்த்த விவசாயி. பெயருக்கு முன்னால் வரும் ‘கேப்டன்’ ராணுவம் தந்த பதவி. விமானி என்பதால் வந்ததன்று. விமானங்களை ஓட்டியவர்கள் அவருடைய கூட்டாளிகளும் ஊழியர்களும்தான்.

வளர்ந்தது ஹேமாவதி ஆற்றங்கரையிலுள்ள கொரூரில். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை பள்ளி ஆசிரியர். நிலமும் பார்த்தார், எழுதவும் செய்தார். பள்ளிக்கூடம் குழந்தையை ஒரே அச்சில் வார்த்துவிடும் என்பது அந்த ஆசிரியரின் எண்ணம். அதனால் மகனை வீட்டிலேயே வைத்துக் கற்பித்து, ஐந்தாம் வகுப்பில்தான் கன்னடப் பள்ளியில் சேர்த்தார். அதன்பின் பிஜாப்பூர் சைனிக் பள்ளிக்கான தேர்வு வந்தது. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் முதல்முறை சிறுவன் தோற்றான். கிராமத்துப் பிள்ளைகள் தாய்மொழியில் எழுத இடம் வேண்டும் என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதினார். கன்னடத்தில் எழுதக் கிடைத்த மறுவாய்ப்பில் தேறினான். அங்கிருந்து கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமி, பிறகு டேராடூன் ராணுவ அகாதெமி, பிறகு படைப்பணி. 1971 வங்கதேசப் போரில் பங்கேற்றபோது இருபது வயதுதான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 28 வயதில் கேப்டன் பதவியோடு ராணுவத்தைவிட்டு வெளியே வந்தார். கையில் இருந்தது சொற்பப் பணிக்கொடை. அடுத்து என்ன என்ற திட்டம் எதுவும் இல்லை.

அவரை ஊருக்கு இழுத்தது ஓர் அணை. கொரூர் அருகே ஹேமாவதியின் குறுக்கே கட்டப்பட்டு 1979-ல் முடிந்த நீர்த்தேக்கம் அது. சுமார் 37 டி.எம்.சி. கொள்ளளவு கொண்டது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு வழியில் பழக்கம். 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மீறி காவிரியின் துணையாறுகளில் கர்நாடகம் கட்டுகிறது என்று தமிழ்நாடு ஆட்சேபித்த அணைகளில் கபினி, ஹாரங்கியோடு ஹேமாவதியும் உண்டு. தஞ்சை விவசாயி தனக்கு வரவேண்டிய நீரைத் தடுக்கும் சுவராக அதைப் பார்த்தார். அணைக்கு மேலே இருந்த கொரூர்ப் பகுதி விவசாயிக்கோ நிலத்தை விழுங்கிய நீராக அது வந்தது. பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1860-களில் கட்டிய ஷெட்டிஹள்ளி தேவாலயம் மழைக்காலத்தில் பாதி மூழ்கி நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே நீரில்தான் பல கிராமங்களின் வயல்களும் போயின. கோபிநாத் குடும்பத்தின் நிலமும் போனது. அரசு ஈடாகக் கொடுத்த நிலம் ஆற்றங்கரையில் இல்லை. அரசிக்கெரே வட்டத்தில், ஜவகல் அருகே இருந்தது. கிரிக்கெட் வீரர் ஸ்ரீநாத்தின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே ஜவகல்.

மலைநாட்டின் மழை ஹாசன் மாவட்டத்தின் மேற்குப் பகுதியோடு ஏறக்குறைய நின்றுவிடும். சக்லேஷ்பூரில் காப்பித் தோட்டங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது, கிழக்கே அரசிக்கெரேயில் வானம் வெளிறிக் கிடக்கும். ஈடாக நிலம் பெற்ற பலர் அதை விற்றுவிட்டு வேறு பிழைப்புத் தேடினார்கள். அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமான முடிவுதான். கோபிநாத் போய்ப் பார்த்தார். கரம்பு. மின்சாரம் இல்லை, கிணறு இல்லை, நல்ல பாதைகூட இல்லை. அங்கேயே ஒரு கூடாரம் அடித்துக் குடியேறினார். படித்தவர்கள் கிராமத்தைவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ராணுவ அதிகாரியாக இருந்த ஒருவர் வறண்ட காட்டில் கூடாரம் போட்டதை அக்கம்பக்கத்தார் கொஞ்சம் வேடிக்கையாகவே பார்த்தார்கள்.

தென்னை வைப்பதென்று முடிவானது. அரசிக்கெரேயும் பக்கத்துத் திப்டூரும் கொப்பரைக்குப் பேர்போன ஊர்கள். மண்ணும் விலையும் தெரிந்த பயிர். ஆனால் தென்னை, கையில் காசு இல்லாதவனுக்கான பயிர் அன்று. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை ஒவ்வொரு கோடையிலும் கன்றைக் காப்பாற்ற வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். கூன்வண்டு தண்டுக்குள் புகுந்தால் மரம் சாய்ந்த பிறகே தெரியும். தண்ணீரைத் தொலைவிலிருந்து சுமந்து வந்து கன்றுக்குக் கன்று ஊற்ற வேண்டியிருந்தது. வாங்கிய வங்கிக் கடனுக்கு வட்டி முதல் மாதமே ஓடத் தொடங்கிவிடும். தேங்காய்க்கு அந்த அவசரம் கிடையாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மற்றதெல்லாம் வந்தன. பால்மாடு வைத்தார், கோழி வளர்த்தார், தென்னைக்கு நடுவே ஊடுபயிர் போட்டுப் பார்த்தார். சிலவற்றில் போட்டது வந்தது, பலவற்றில் கைநட்டம். பொதுவாக வெற்றிபெற்ற தொழிலதிபர்களின் வரலாற்றில் தொடக்ககால நட்டங்கள் அலங்காரத்துக்காகச் சொல்லப்படும். இவர் கதையில் அப்படி இல்லை. வெவ்வேறு காலஅளவில் விளையும் பல பயிர்களை ஒரே நேரத்தில் ஓட்டி, ஒன்றின் வரவைக்கொண்டு மற்றொன்றின் செலவைச் சமாளிக்கும் பழக்கம் இங்கேதான் படிந்தது. பின்னாளில் அவர் நடத்திய எல்லா நிறுவனங்களிலும் இந்தப் பழக்கம் தெரிகிறது. நல்லதற்கும் சரி, கெட்டதற்கும் சரி.

பணப்பயிராக அவர் பிடித்துக்கொண்டது பட்டு. நாட்டிலேயே அதிகமாக மல்பெரிப் பட்டு விளையும் மாநிலம் கர்நாடகம். ராமநகரத்தின் பட்டுக்கூட்டுச் சந்தைதான் மிகப் பெரியது. முட்டை பொரித்துக் கூடு கட்டும்வரை ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே ஆவதால், தென்னைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு இது சரியான துணை. ஆனால் அந்த ஒரு மாதம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதைவிடக் கடினம். புழு நான்கு முறை தோலுரிக்கும். ஐந்தாம் பருவத்தில் இரவுபகல் பாராமல் தின்னும். மொத்தத் தழையில் பெரும்பகுதி இந்தக் கடைசி வாரத்தில்தான் தீரும். வளர்ப்பு மனையில் வெப்பம் 25 டிகிரியைச் சுற்றி நிற்க வேண்டும். ஈரப்பதம் ஏறினாலும் இறங்கினாலும் நோய் வரும். பால்நோய் வந்தால் புழு உப்பி வெடிக்கும். சுண்ணாம்புக்கட்டி நோயில் அப்படியே இறுகிப்போகும். ஊசி ஈ வந்து புழுவின் மேல் முட்டையிட்டுவிட்டால் அந்தக் கூடு தேறாது. பக்கத்து வயலில் யாரோ அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரித் தழையில் படிந்தாலே போதும், ஒரே நாளில் மனை காலியாகிவிடும். இத்தனையையும் தாண்டிச் சந்திரிகை என்னும் தட்டில் புழு கூடு கட்டிய பிறகும் நிம்மதி இல்லை. உள்ளேயிருக்கும் அந்துப்பூச்சி வெளியேறுவதற்குள் கூட்டைச் சந்தையில் தள்ளிவிட வேண்டும். பூச்சி துளைத்துக்கொண்டு வந்துவிட்டால் இழை அறுந்துவிடும், கூட்டுக்கு விலையில்லை. ராமநகர ஏலத்தில் காலையில் சொன்ன விலையை மறுத்துவிட்டு மாலையில் அதைவிடக் குறைவுக்குக் கொடுத்துவிட்டு வந்த விவசாயிகள் ஏராளம்.

அவருடைய முதல் சில ஆண்டுப் பட்டு வளர்ப்பு, அதிகாரிகள் பரிந்துரைத்த முறைப்படி நடந்தது. உரம், மருந்து, கூலியாள், எல்லாமே அதிகம். விளைச்சல் நன்றாக வந்த பட்டத்தில்கூடக் கையில் மிச்சம் குறைவு. அந்தக் காலத்தில் ஜப்பானிய விவசாயி மசனோபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ அவர் கைக்குக் கிடைத்தது. விளைச்சலைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறைப்பதில் விவசாயியின் லாபம் இருக்கிறது என்பதை அவர் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். உழவைக் குறைத்தார். தென்னை மட்டையையும் களையையும் மூடாக்காகப் போட்டார். வேதி உரத்தையும் மருந்தையும் படிப்படியாக விட்டார். மண்ணில் புழு பூச்சி திரும்ப வந்தது, பூச்சியைத் தின்னும் பறவைகளும் வந்தன. பட்டு வளர்ப்பிலும் இதே வழியில் செலவைக் குறைத்து, சூழலைக் கெடுக்காத முறையொன்றை உருவாக்கியதற்காக 1996-ல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. ஜவகல் தோட்டத்தை வெளியுலகம் கவனித்தது அப்போதுதான்.

இதற்கிடையே ஹாசன் நகரத்திலும் அவர் கால் வைத்திருந்தார். சென்னை திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களுக்கு முகவர் ஆனார். உடுப்பி பாணியில் ஒரு சிற்றுண்டி ஹோட்டல் நடத்தினார். பங்குத் தரகு பார்த்தார். தன் தோட்டத்தில் பட்ட தண்ணீர்க் கஷ்டத்தின் பயனாக, நீர்ப்பாசனக் கருவிகளை விற்று, சொட்டுநீர் போட விரும்பிய விவசாயிகளுக்கு ஆலோசனையும் சொன்னார். 1994 சட்டமன்றத் தேர்தலில் ஹாசன் மாவட்டத்தில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்று தோற்றார். இந்தப் பட்டியலைப் பார்த்தால் நிலையில்லாத மனிதர் என்று தோன்றும். ஓரளவு உண்மையும்கூட. தொடங்குவதில் இருந்த ஆர்வம் ஒன்றையே பிடித்துக்கொண்டு ஓட்டுவதில் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விமானத் தொழில் ஹெலிகாப்டரிலிருந்து தொடங்கியது. ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிய நண்பர் கேப்டன் கே.ஜே. சாமுவேலுக்கு ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வி. ஓட்டத் தெரிந்தவர் அவர், தொழில் தொடங்கத் தெரிந்தவர் இவர். பணம் இருவரிடமும் இல்லை. 1997-ல் ‘டெக்கான் ஏவியேஷன்’ பெங்களூரில் பிறந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு பெல் ஹெலிகாப்டர்தான் முதல். தேர்தல் பிரசாரத்துக்குப் பறக்கும் தலைவர்கள், எண்ணெய் ஆய்வு நிறுவனங்கள், மலைக்கோயிலுக்குப் போகும் பக்தர்கள், அவசர மருத்துவம், படப்பிடிப்பு என்று வாடிக்கை பெருகியது. சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய தனியார் ஹெலிகாப்டர் நிறுவனங்களில் ஒன்றாகி, இலங்கையிலும் சேவை தொடங்கியது.

அந்த நேரத்தில் இந்திய வானம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1953-ல் அரசுடைமையான விமானப் போக்குவரத்து, 1994-ல் சட்டப்படி தனியாருக்குத் திறந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தவை, வந்த வேகத்தில் மறைந்தன. 2003-ல் மிஞ்சியவை இந்தியன் ஏர்லைன்ஸ், ஜெட், சஹாரா. மூன்றும் ஒரே வகைப் பயணியைக் குறிவைத்தன. கம்பெனிச் செலவில் பறக்கும் அதிகாரிகள்தான் அந்தப் பயணிகள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் விமான டிக்கெட், ஒரு பள்ளி ஆசிரியரின் மாதச் சம்பளத்தோடு போட்டிபோடும். இன்னொரு பக்கம், மாவட்டத் தலைநகரங்களில் அரசு கட்டிவைத்த ஓடுபாதைகளில் விமானமே இறங்குவதில்லை. தூத்துக்குடி வாகைக்குளம் அப்படிப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்து விமான நிலையம் ஒன்று மட்டும் இந்திய நிலையங்கள் எல்லாவற்றையும் விட அதிக விமானங்களைக் கையாண்டது என்று கேள்விப்பட்டது தன்னை உலுக்கியதாகக் கோபிநாத் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஹெலிகாப்டரில் தாழப் பறக்கும்போது குடிசைகள்மேல் முளைத்திருந்த டி.வி. ஆன்டெனாக்களையும் அவர் கவனித்திருந்தார். டி.வி. வாங்குகிறவன் விலை கட்டுப்படியானால் டிக்கெட்டும் வாங்குவான் என்பது அவர் கணக்கு.

2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. பெங்களூரையும் ஹூப்ளியையும் இணைத்த தடம் முதலாவது. விமானம் ஏ.டி.ஆர். 42. பிரான்ஸ்-இத்தாலி கூட்டுத் தயாரிப்பு, 48 இருக்கை, இரண்டு விசிறி எஞ்சின். பெரிய நிறுவனங்கள் ஏளனமாகப் பார்த்த விமானம் இது. ஆனால் தேர்வின் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. சுமார் 1,200 மீட்டர் ஓடுபாதையிலேயே ஏறிவிடும் என்பதால் சிறு ஊர்களின் பழைய ஓடுதளங்கள் போதும். குறுந்தூரத்தில் ஜெட்டைவிட மிகக் குறைவாகவே எரிபொருள் குடிக்கும். இதைவிட முக்கியம் வரி. மாநிலங்கள் ஜெட் விமான எரிபொருளுக்கு 20 முதல் 30 சதவீதம்வரைகூட விற்பனை வரி வாங்கிக்கொண்டிருந்தன. சிறிய விசிறி விமானங்களுக்கோ 4 சதவீதம்தான். 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணமும் விலக்கப்பட்டது. விளைச்சலைவிடச் செலவைப் பார்த்த ஜவகல் பழக்கம் இங்கே அப்படியே வந்து உட்கார்ந்தது.

மற்றச் செலவுகளும் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. சாப்பாடு கிடையாது, வேண்டுமென்றால் தண்ணீர்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சொகுசு வகுப்பு இல்லை. இருக்கை எண் இல்லை, முதலில் ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். அச்சடித்த டிக்கெட் இல்லை, இணையத்தில் எடுத்த தாள் போதும். முகவர் தரகு மிச்சம். இணையம் எட்டாதவர்களுக்குத் தொலைபேசி மையமும், பெட்ரோல் பங்க்குகளில் டிக்கெட்டும் இருந்தன. விமானத்தின் உடம்பே விளம்பரப் பலகையாக வாடகைக்கு விடப்பட்டது. ஆர்.கே. லக்ஷ்மணின் கட்டம்போட்ட கோட்டு ‘சாமானிய மனிதர்’ நிறுவனத்தின் முகமானார். இவ்வளவு பொருத்தமான சின்னத்தை இந்திய விளம்பரத் துறை அதிகம் கண்டதில்லை.

ஒரு ரூபாய் டிக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரியும் நிலையக் கட்டணமும் தனி என்றாலும், விமான டிக்கெட் ஒரு ரூபாய் என்ற செய்தி நாடு முழுவதும் பேச்சானது. அதை வெறும் விளம்பர வித்தை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கதவு சாத்திய பிறகு காலியாகக் கிடக்கும் இருக்கை, அந்துப்பூச்சி வெளியேறிய பட்டுக்கூடு போல. அதற்குப் பிறகு அதை எந்த விலைக்கும் விற்க முடியாது. ஆகவே ஒரே விமானத்தில் பல விலைகள் வைக்கப்பட்டன. மாதக்கணக்கில் முன்பே எடுப்பவருக்கு அடிமாட்டு விலை. கடைசி நாளில் வருபவருக்கு ஏறக்குறைய மற்ற நிறுவனங்களின் விலை. இன்று எல்லா விமான நிறுவனங்களும் இப்படித்தான் விற்கின்றன. 2003-ல் ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன்னைவிட மிகக் குறைவாகக் கொடுத்திருக்கிறார் என்பதைப் பயணிகளால் ஜீரணிக்க முடியவில்லை.

தொடங்கிய ஒரு மாதத்திலேயே பெரிய அடி. 2003 செப்டம்பரில் ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கான முதல் விமானம். அப்போதைய பாரதிய ஜனதா தலைவர் வெங்கையா நாயுடு உள்ளிட்ட முக்கியப் பிரமுகர்கள் உள்ளே இருந்தார்கள், பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். விமானம் தரையைவிட்டு எழும்புவதற்குள் எஞ்சினில் தீ. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் படம் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. மலிவு டிக்கெட் என்றால் மலிவுப் பாதுகாப்பு என்ற பேச்சு எழுந்தது. வேறு யாராயிருந்தாலும் சில மாதம் அடங்கியிருந்து பெயரைச் சரிசெய்திருப்பார்கள். இவர் அடுத்தடுத்த தடங்களை அறிவித்துக்கொண்டே போனார்.

2004-ல் 180 இருக்கை ஏர்பஸ் ஏ320 வந்து சேர, பெருநகரத் தடங்களிலும் போட்டி தொடங்கியது. சிறு ஊர்ப் பட்டியலும் நீண்டது. பத்து ஆண்டுகளாக விமானமே எட்டிப்பார்க்காத தூத்துக்குடிக்கு 2006-ல் சென்னையிலிருந்து தினசரிச் சேவை வந்தது. 2007 வாக்கில் 67 ஊர்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 380 பயணங்கள், 40-க்கு மேற்பட்ட விமானங்கள். நான்கு ஆண்டில் இந்த அளவு வளர்ந்த நிறுவனம் இந்தியாவில் அதற்குமுன் இல்லை. பயணிகளில் கணிசமானோர் வாழ்க்கையில் முதல்முறை பறப்பவர்கள். இடுப்புப் பட்டையை எப்படிப் போடுவது என்பதிலிருந்து பணிப்பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ரயில் ஸ்டேஷன் போல விமான நிலையத்தில் வழியனுப்பக் குடும்பமே வந்து நின்றது. 2007-ல் பிரெஞ்சு அரசு கோபிநாத்துக்குச் செவாலியே விருது அளித்தது. அவர் வாங்கிய விமானங்கள் பிரான்சின் துலூஸ் நகரத்தில் தயாரானவை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வளர்ச்சிக்குள்ளேயே சிக்கலும் இருந்தது. வேகமாக எண்ணிக்கை கூடியபோது விமானிகளும் பராமரிப்புப் பொறியாளர்களும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு விமானிகளை அதிகச் சம்பளத்துக்கு அழைத்துவர வேண்டியதாயிற்று. இரண்டு வேறு வகை விமானங்கள் என்றால் இரண்டு வகை விமானிகள், இரண்டு உதிரிபாகக் கிடங்கு. ஒரு விமானம் பழுதானால் ஈடுகட்ட மாற்று விமானம் இல்லை. காலையில் தவறியது இரவுவரை எல்லா ஊரிலும் தாமதமாகத் தொடரும். ‘டெக்கான் என்றால் தாமதம்’ என்று பயணிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். 2005-ல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோஏர், 2006-ல் இண்டிகோ என்று போட்டி சூழ்ந்தது. எல்லோரும் விலையைக் குறைத்தார்கள், எரிபொருள் விலையோ ஏறியது. 2006 மே மாதம் பங்கு வெளியிட்டபோது சந்தை சரிந்துகொண்டிருந்தது. விலையைக் குறைத்து, நாளை நீட்டித்துத்தான் பங்குகள் விற்றன.

ஜவகலில் கற்ற பாடம் ஏர் டெக்கானை உருவாக்கியது என்றால், அதே பாடத்தின் மறுபக்கம்தான் அதைக் கவிழ்த்தது என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. தோட்டத்தில் ஐந்து பயிரில் மூன்று பொய்த்தாலும் இரண்டு காப்பாற்றும். நிலம் அங்கேயே இருக்கும். விமானத் தொழிலில் பொய்த்த தடமும் குத்தகை கேட்கும், மாதா மாதம், டாலரில். ஒவ்வொரு தடமும் விளைந்து நிலைபெறும்வரை காத்திருக்காமல் அடுத்ததை நட்டுக்கொண்டே போனதில், களையெடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. இண்டிகோ நேர்மாறாகச் செய்தது. ஒரே வகை விமானம், குறைந்த ஊர்கள், நேரம் தவறாமை. மலிவு விமானப் பயணம் இந்தியாவில் நடக்கும் என்று காட்டியது ஏர் டெக்கான். அதை நட்டமில்லாமல் நடத்திக் காட்டியது பின்னால் வந்தவர்.

2007-ன் நடுவில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் டெக்கானின் 26 சதவீதப் பங்கைச் சுமார் 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மல்லையாவுக்கு அந்த நிறுவனத்தின் வயதும் தேவைப்பட்டது. உள்நாட்டில் ஐந்து ஆண்டு பறந்த, 20 விமானம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே வெளிநாட்டுச் சேவைக்கு அனுமதி என்பது அப்போதைய விதி. 2005-ல் தொடங்கிய கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கு 2008-லேயே அந்த வயது வந்துவிடும். பங்கு கைமாறிய பிறகு சாமானிய மனிதர் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார். பெயர் ‘சிம்ப்ளிஃப்ளை டெக்கான்’ ஆகி, பிறகு ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆனது. சொகுசு விமானமும் மலிவு விமானமும் ஒரே நிர்வாகத்தில் ஒன்றின் பயணியை மற்றொன்று தின்றன. 2011-ல் மலிவுச் சேவையைக் கைவிடுவதாக மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையிறங்கியது, மாதக்கணக்கில் சம்பளம் பாக்கியோடு. விற்றது தன் தவறு என்று கோபிநாத் பின்னர் சொன்னதுண்டு. ஆனால் 2007-ல் அவருக்கு எஞ்சியிருந்த வழிகள் மிகச் சிலவே.

அதற்குப் பிந்தைய முயற்சிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 2009-ல் ‘சிம்ப்ளி ஃப்ளை’ என்ற தன்வரலாறு. அதே ஆண்டு பெங்களூர் தெற்கில் சுயேச்சையாக நின்று மக்களவைத் தேர்தலில் தோல்வி. நாக்பூரை மையமாக வைத்து ‘டெக்கான் 360’ என்ற சரக்கு விமான நிறுவனம். ரிலையன்ஸ் முதலீடு வந்தும் இரண்டு ஆண்டில் நின்றது. 2014-ல் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து, சில மாதங்களில் விலகல். சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தில் 2017 டிசம்பரில் ஏர் டெக்கான் என்ற பெயர் மறுபடி பறந்தது. இம்முறை 19 இருக்கைச் சிறு விமானம், மகாராஷ்டிரத்தின் நாசிக், ஜல்காவ் போன்ற ஊர்கள். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு அதுவும் நின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே வகை விமானம்தான் என்று பிடிவாதமாக இருந்த இண்டிகோ 2017-ல் ஏ.டி.ஆர். வாங்கத் தொடங்கி, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு அதையே ஓட்டுகிறது.

2020 நவம்பரில் சுதா கொங்கராவின் இயக்கத்தில் ‘சூரரைப் போற்று’ வெளிவந்தது. சூர்யாவுக்கும் அபர்ணா பாலமுரளிக்கும் நடிப்புக்காக, சிறந்த படத்துக்காக, திரைக்கதைக்காக, பின்னணி இசைக்காக ஐந்து தேசிய விருதுகள். இந்தியில் 2024-ல் ‘சர்ஃபிரா’வாக மறுபடி எடுக்கப்பட்டது. கோபிநாத்தின் நூலைத் தழுவியது என்றாலும் அது அவருடைய வாழ்க்கை வரலாறு அன்று. ராணுவ கேப்டன் அங்கே விமானப்படை வீரர் நெடுமாறன் ராஜாங்கம் ஆகிறார். ஹாசன் மதுரைப் பக்கமாகிறது. நடந்த கதையில் சந்தையும் கடனும் எரிபொருள் விலையும் எதிரிகள். படத்தில் ஒரே ஒரு வில்லன். கோபிநாத்தின் மனைவி பெங்களூரில் நடத்திய பேக்கரி, நாயகி பொம்மியின் பேக்கரியாகப் படத்துக்குள் வந்துவிட்டது. தென்னையும் பட்டும் வரவில்லை. இத்தனைக்கும் நாயகனுக்குக் கதாசிரியர்கள் கொடுத்த ஊர் சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் வைகைத் தண்ணீரும் உள்ள ஊர்.